படுத்திருப்பவளின் பார்வை

நூலகத்தில் ஓவியப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது, ஆடையின்றிப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் படத்தைக் கண்டு சட்டென மூடிவிட்டேன். யாரும் பார்த்தார்களோ என்ற கூச்சம். மனம் கேளாமல் மீண்டும் விரித்து வாசித்தேன்.

1863இல் பரிஸ் ஓவியக் கண்காட்சியில் கபனெல் என்பவர் வரைந்த 'வீனஸின் பிறப்பு' வைக்கப்பட்டது. அலைமேல் படுத்திருக்கும் அந்தத் தேவதையின் கண்கள் பாதி மூடியிருக்கின்றன. பேரரசர் மூன்றாம் நெப்போலியனே அதை வாங்கினார். 1865இல் அதே கண்காட்சிக்கு மனேயின் 'ஒலிம்பியா' வந்தது. அவளும் ஆடையற்றவள்தான். ஆனால் தேவதை என்ற போர்வை அவளுக்கு இல்லை. பார்ப்பவரை அவள் நேராகத் திருப்பிப் பார்க்கிறாள். பலர் கொதித்தெழுந்தார்கள். அவர்களைச் சுட்டது நிர்வாணம் அல்ல, அந்தப் பார்வைதான் என்றே எனக்குப் படுகிறது.

ஒலிம்பியாவுக்கு மாதிரியாக இருந்தவர் விக்டோரின் மெரான். பரிஸின் அரச கலைக்கல்லூரி 1897 வரை பெண்களை மாணவிகளாகச் சேர்க்கவில்லை. ஆயினும் விக்டோரின் வேறிடத்தில் ஓவியம் பயின்றார். 1876இல் அதே கண்காட்சியில் தன்னைத் தானே வரைந்த படத்தை வைத்தார். அவ்வாண்டு மனேயின் படங்கள் நிராகரிக்கப்பட்டிருந்தன!

சகோதரிகளே, எங்கள் கண்ணீரையும் எத்தனையோ பேர் படம் பிடித்துச் சென்றார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டவர்கள் எத்தனை பேர்? இனி எங்களை நாங்களே எழுதுவோம், வரைவோம். தொடங்குவதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.