ஒத்தைக்கால்ல நிக்கிறேன்!

வியாழக்கிழமை சாயங்காலம், லண்டன் குளிர். மூக்குன்னு ஒண்ணு இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிட்டே கராத்தே வகுப்புக்குப் போறேன். இன்னிக்கு ஜோடி போட்டு மோதவிடுவாங்க, ஒரு கை பாத்துரலாம்னு நெனப்பு. எங்க சென்சே அறுபதைத் தாண்டின வெள்ளைக்காரம்மா. என் தோள் உயரம்கூட வரமாட்டாங்க. வந்தாங்க, வணக்கம் வெச்சாங்க, ஒரே ஒரு வரி சொன்னாங்க: "வலது முட்டியைத் தூக்குங்க, நான் சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது."

பத்து செகண்ட் ஆச்சு. சிரிச்சேன். இருபது ஆச்சு. கணுக்கால் தந்தி அடிக்க ஆரம்பிச்சுது. "இப்போ கண்ணை மூடுங்க"ன்னாங்க பாருங்க... அடுத்த நிமிஷம் பக்கத்துல நின்ன போலந்துக்காரன் மேல சாய்ஞ்சுட்டேன். அவன் அடுத்தவன் மேல. அந்தம்மா மட்டும் கண்ணை மூடி, கோயில் தூண் மாதிரி நிக்கிறாங்க.

கடுப்பா இருந்துச்சுங்க. காசு கட்டி, பஸ் புடிச்சு, குளிர்ல வந்து, அஞ்சாங்கிளாஸ் கணக்கு வாத்தியார் இலவசமாக் கொடுத்த தண்டனையை இங்க பவுண்டு கொடுத்து வாங்கணுமா?

நிற்க. (ரெண்டு கால்லயே நிக்கலாம்.) அது ஆரம்பத்துல. ஒரு வருஷம் கழிச்சு இப்போ என் கட்சி வேற. தற்காப்புக் கலை வகுப்புல சொல்லிக் கொடுக்கிறதுலயே உருப்படியான விஷயம் இந்த ஒத்தைக்கால் நிலைதான். அதைத்தான் நாம முதல்ல கழிச்சுக் கட்டுறோம். ஏன்னு சொல்றேன்.

"சண்டையில எவன்டா ஒத்தைக்கால்ல நிப்பான்?"னு என் அறைத்தோழன் கேட்டான். 1984ல வந்த 'கராத்தே கிட்' படத்துக் கடைசிக் காட்சியில அந்தப் பையன் கையை ரெண்டு பக்கமும் விரிச்சு, கொக்கு மாதிரி நின்னு உதைப்பானே, அதுதான் எல்லாருக்கும் ஞாபகம். நெஜச் சண்டையில அப்படி நின்னா அடி வாங்கிட்டு வீட்டுக்கு வரலாம். ஒத்துக்கறேன். ஆனா அதே படத்துல மியாகி தாத்தா அவனைப் படகு நுனியில நிக்கவெச்சுப் பழக்குவாரு, அவன் தொபுக்கடீர்னு தண்ணில விழுவான். அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. விஷயமே அங்கதான் இருக்கு.

உதைன்னா என்னங்க? ஒரு கால் பறக்குது, இன்னொரு கால் உடம்பு மொத்தத்தையும் தாங்குது. நாம பறக்கிற காலைத்தான் பாக்குறோம். எங்க சென்சே நிக்கிற காலைப் பாக்குறாங்க. உதைச்ச காலை அப்படியே தொப்புன்னு முன்னாடி போட்டா திட்டு விழும். முட்டியை மடக்கித் திரும்ப இழுத்து, ஒரு கணம் நின்னு, அப்புறம்தான் இறக்கணும். அந்த ஒரு கணம் நிக்க முடியலைன்னா நீ உதைக்கலை, விழுந்துக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம்.

எந்தக் கலையை எடுத்தாலும் இது இருக்கு. ஷோட்டோகான் கராத்தேயில 'கன்காகு'ன்னு ஒரு கட்டா, பாறை மேல நிக்கிற கொக்குன்னு பொருள். அதுல திரும்பத் திரும்ப ஒத்தைக்கால்ல நிக்கணும். சீனத்து தாய்ச்சியில 'பொன்சேவல் ஒற்றைக்காலில் நிற்பது'ன்னு ஒரு நிலை. பக்கத்துல கேரளத்துக் களரியில மயில் வடிவு. ஜப்பான்காரன் கொக்குன்னான், சீனாக்காரன் சேவல்ன்னான், மலையாளி மயில்ன்னான். பறவைதான் மாறுது, கால் ஒண்ணுதான்.

லண்டன்லயே இதுக்குப் பழைய கதை இருக்கு. பார்ட்டன்-ரைட்னு ஒரு இஞ்சினியர் ஜப்பான்ல இருந்துட்டு 1898ல இங்க திரும்பி, ஜப்பானிய ஜுஜுட்சுவையும் இங்கத்துக் குத்துச்சண்டை, கைத்தடி எல்லாத்தையும் கலந்து 'பார்டிட்சு'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு. அதுல முதல் பாடமே எதிராளியோட சமநிலையைக் குலைக்கிறதுதான். கானன் டாயில் அந்தப் பேரைக் கொஞ்சம் மாத்தி எழுதி 1903ல ஷெர்லாக் ஹோம்ஸை உயிரோட திரும்பக் கொண்டுவந்தாரு. அருவி விளிம்புல மோரியார்ட்டி நிலை தடுமாறி விழுந்தான், ஹோம்ஸ் தடுமாறலை. அவ்ளோதான் கதை. 1918ல இதே ஊர்ல தொடங்கின புடோக்வாய் ஜூடோ சங்கம் இன்னிக்கும் நடக்குது. ஜூடோவிலயும் தூக்கி அடிக்கிறதுக்கு முன்னாடி நிலை குலைக்கிறதுதான் முதல் வேலை. ஆக, சண்டைங்கிறதே யாரு முதல்ல தடுமாறுறாங்கிற போட்டிதான்.

சரி, சண்டையே போடாதவங்களுக்கு? நடக்கிறீங்கல்ல? நாம நடக்கிறப்போ ரெண்டு காலும் ஒண்ணா தரையில இருக்கிற நேரம் அஞ்சுல ஒரு பங்குதான். மீதி நேரமெல்லாம் ஒத்தைக்கால்லதான் இருக்கோம், தெரியறதில்ல. அந்த நேரம் பூரா இடுப்போட பக்கவாட்டுத் தசை ஒண்ணு, தூக்கின கால் பக்கம் இடுப்பு சரிஞ்சுடாம புடிச்சுக்கிட்டு இருக்கு. கண்ணு ஒரு தகவல் சொல்லும், உள்காது ஒண்ணு சொல்லும், பாதமும் கணுக்காலும் ஒண்ணு சொல்லும், மூளை மூணையும் கூட்டிக் கணக்குப் போடும். கண்ணை மூடினா மூணுல ஒரு ஆள் லீவு. அதான் நான் போலந்துக்காரன் மேல விழுந்தேன்.

2022ல பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழ்ல பிரேசில் ஆய்வு ஒண்ணு வந்துச்சு. 51லேர்ந்து 75 வயசு வரைக்கும் 1,702 பேரை ஒத்தைக்கால்ல பத்து செகண்ட் நிக்கச் சொன்னாங்க. மூணு தடவை வாய்ப்பு. அஞ்சுல ஒருத்தரால முடியலை. அடுத்த ஏழு வருஷ வாக்குல பாத்தா, வயசு, நோய் எல்லாம் கழிச்ச பிறகும், முடியாதவங்களுக்குச் சாவு அபாயம் 84 சதவீதம் கூடுதல். உடனே பதறாதீங்க. நிக்க முடியாததால செத்தாங்கன்னு அர்த்தம் இல்ல, நின்னா ஆயுசு நீளும்னும் நிரூபிக்கலை. உள்ள ஏதோ தேயுதுன்னு முன்கூட்டியே அடிக்கிற மணி, அவ்வளவுதான். ஆனா விழறது நெஜம். உலக அளவுல வருஷத்துக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் கீழ விழுந்தே சாகுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

இதைப் படிச்ச ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். பாளையங்கோட்டை. வயசு 58. "அம்மா, கட்டிலைப் புடிச்சுக்கிட்டு ஒத்தைக்கால்ல நின்னு, கையை எடு பாப்போம்"னேன். "லண்டன்ல இதைத்தான் படிக்கியா?"ன்னு சிரிச்சுக்கிட்டே நின்னாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலாவது எண்றதுக்குள்ள கை கட்டிலுக்குப் போயிருச்சு. இன்னொரு தடவை. அதே நாலு. சிரிப்பு நின்னுருச்சு. அப்புறம் மெதுவா, "போன மாசம் துவைக்கிற கல்லுகிட்ட லேசா வழுக்கிட்டுலே. நீ பயப்படுவேன்னுதான் சொல்லலை"ன்னாங்க.

நான் ஒண்ணும் பேசலை.

அம்மாதான் தெருவுலயே பாண்டி ஆட்டத்துல கெட்டின்னு ஆச்சி சொல்லுவாங்க. கோட்டை மிதிக்காம நொண்டியடிச்சு, குனிஞ்சு சில்லை எடுத்து, கால் ஊணாம திரும்பி வரணும். யோசிச்சுப் பாத்தா எங்க சென்சே சொல்லிக் கொடுக்கிறதை விடக் கஷ்டம் அது! பெல்ட் கிடையாது, பரீட்சை கிடையாது. பையன்களான நாங்க அதைப் 'பொம்பளைப்புள்ளை வெளையாட்டு'ன்னு கிண்டல் பண்ணோம். வயசுக்கு வந்ததும் அம்மாவையும் நிப்பாட்டிட்டாங்க. நாப்பது வருஷம் கழிச்சு நாலு செகண்ட்.

இங்கதான் என் ஆதங்கம். நம்ம ஊர்லயும் தெருவுக்குத் தெரு கராத்தே வகுப்பு இருக்கு. ஓடு உடைச்சா பேப்பர்ல போட்டோ வரும், கலர் கலரா பெல்ட் வரும். ஒருத்தன் அசையாம நின்னா எவன் போட்டோ எடுப்பான்? மாமல்லபுரத்து அர்ஜுனன் தபசுல (பகீரதன்தான்னு சொல்றவங்களும் உண்டு) ஒத்தைக்கால்ல நிக்கிற தவசியைப் பாத்திருப்பீங்க. அதே பாறையில கீழ ஒரு பூனையும் முன்காலைத் தூக்கித் தவம் பண்ணும், சுத்தி எலிங்க. பெல்ட்டுக்கு மட்டும் பயிற்சி பண்றவங்களைப் பாத்தா எனக்கு அந்தப் பூனைதான் ஞாபகம் வருது. நானும் அந்தப் பூனையாத்தான் இருந்தேன்.

அதனால வகுப்பு நடத்துறவங்க கிட்ட ஒரே ஒரு கோரிக்கை. உதைக்கு முன்னாடி நிக்கச் சொல்லிக் குடுங்க. அப்படியே வாசல்ல புள்ளைங்களுக்காகச் செருப்பைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற அம்மா அப்பாவையும் பத்து நிமிஷம் உள்ள கூப்பிட்டு நிக்கவைங்க. கருப்பு பெல்ட்டை விட அவங்களுக்கு அது உபயோகம்.

செய்யிறது சுலபம். செவுரோ மேடையோ கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். வெறுங்கால். நிக்கிற முட்டி லேசா தளர்வா இருக்கட்டும், விரலால தரையைக் கவ்வாதீங்க. எதிர்ல ஒரு புள்ளியைப் பாருங்க. பத்து செகண்ட், கால் மாத்தி இன்னொரு பத்து. சுலபமா வந்ததும் முப்பது ஆக்குங்க. கண்ணை மூடுறது கடைசியில, அதுவும் செவுத்துப் பக்கத்துல மட்டும். தலைசுத்தல் இருக்கிறவங்க, ஏற்கெனவே விழுந்தவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு, பக்கத்துல ஆள் வெச்சுக்கிட்டுச் செய்யுங்க. எங்கம்மாவையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போகச் சொன்னேன்.

நான் கெட்டில்ல தண்ணி கொதிக்கிற வரைக்கும் நிப்பேன். ஈஸ்ட்ஹாம் வீட்டுல கூட இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணன், "என்ன தம்பி, கொக்குத் தவமோ?"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. போன வாரம் பாக்குறேன், பல்லு விளக்கிக்கிட்டே அவரும் ஒரு காலைத் தூக்கிட்டு நிக்கிறாரு. :)

அம்மா இந்த ஞாயிறு எட்டு செகண்ட். அப்பாதான் எண்ணினாரு. அவரை நிக்கச் சொன்னா மட்டும் மாட்டேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாரு!