மருந்து இலவசம், மைகார்ட் எங்கே?



எச்.ஐ.வி என்ற சொல்லைப் பார்த்ததும் அடுத்த பக்கத்துக்குத் தாவி விடாதீர்கள். "இது நம் வீட்டுப் பிரச்சினை இல்லை" என்று சொல்லிச் சொல்லியே பல பிள்ளைகளைச் சத்தமில்லாமல் அடக்கம் செய்து விட்டோம். சாவு வீட்டில் காரணம் கேட்டால் "டிபி" என்பார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தவன்தான்.

அரசாங்கத்தைக் குறை சொல்வதே நம் வேலை என்பார்கள். நல்லதை முதலில் சொல்லி விடுகிறேன். 1986இல் நம் நாட்டில் முதல் தொற்று கண்டறியப்பட்டது. 2002இல் மட்டும் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புதிதாகத் தொற்று. பெரும்பாலும் போதை ஊசி வழியாக. 2005இல் மெத்தடோன் சிகிச்சையும் 2006இல் ஊசி மாற்றித் தரும் திட்டமும் வந்தன. எதிர்ப்புகளை மீறித்தான் வந்தன. இன்று ஆண்டுக்கான புதிய தொற்று பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு 1998 முதல் அரசாங்கக் கிளினிக்கில் பரிசோதனை. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்ததற்காக 2018இல் உலக சுகாதார நிறுவனமே சான்றளித்தது. 2030க்குள் எய்ட்ஸை முடிவுக்குக் கொண்டுவருவது தேசியத் திட்டத்தின் இலக்கு.

சரி, இந்தத் திட்டத்தின் வாசலில் நம் ஆட்களுக்கு என்ன நடக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். மகன் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பிறப்பைப் பதியவில்லை. தோட்டம் விற்கப்பட்டு, குடும்பம் கம்பத்துக்கு வந்து, அங்கிருந்தும் விரட்டப்பட்டு, கடைசியில் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சவில்லை. "சார், மருந்து சாப்பிட்டா பொழச்சுக்குவான்னு டாக்டரம்மா சொல்றாங்க. கவுண்டர்ல ஐ.சி. கேக்குறாங்க, இல்லாட்டி வெளிநாட்டுக்காரங்க கட்டணமாம். இவன் எந்த வெளிநாட்டுக்காரன் சார்?"

இந்தக் கேள்விக்கு என் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. இங்கே பிறந்து, வேறெந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாமல் பிறந்தவன் இந்நாட்டுக் குடிமகன் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை. ஆனால் அதைப் பதிவிலாகாவில் நிரூபிக்க ஆண்டுகள் ஆகும். கிருமி காத்திருக்குமா?

குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் முதல்நிலை மருந்து இலவசம். அடையாள ஆவணம் இல்லாதவரோ வெளிநாட்டவர் கணக்கில் சேர்கிறார். இந்த மருந்தைத் தினமும் விடாமல் சாப்பிட வேண்டும். காசில்லாமல் நிறுத்தினால், விட்டு விட்டுச் சாப்பிட்டால், கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், பாலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. ஆக, அந்தப் பையனைக் கவுண்டரில் திருப்பி அனுப்புவது அரசாங்கம் தன் திட்டத்தையே திருப்பி அனுப்புவதாகும். குடியுரிமை விண்ணப்பம் முடிவாகும் வரை இங்கே பிறந்தவர்களுக்குக் குடிமக்கள் கட்டணமே விதிக்க வேண்டும். இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை, சுகாதார அமைச்சு மனம் வைத்தால் போதும்.

வேலையிடத்துக் கதை வேறு. 2001இல் மனிதவள அமைச்சு ஒரு நடைமுறைக் கோட்பாடு வெளியிட்டது. முதலாளிகள் விரும்பினால் பின்பற்றலாம், அவ்வளவுதான். அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றைச் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. நோய் அதில் இல்லை. அதனால் ஒன்றை நினைவில் வையுங்கள். நோயைக் காட்டி வேலையை விட்டு நிற்கச் சொன்னால், "நானே நிற்கிறேன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் என்னிடம் வந்து அழுதால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று, இது நமக்கு. தனித் தட்டு, தனிக் குவளை வைத்து வீட்டிலேயே பிள்ளையை ஒதுக்குகிறோமே, இதை எந்த அரசாங்கம் செய்யச் சொன்னது? சாப்பாட்டுத் தட்டால் இது தொற்றாது.

அந்தத் தாயின் மகனுக்கு இன்னும் நீல ஐ.சி. கிடைக்கவில்லை. தொண்டர்கள் சிலர் சேர்ந்து மருந்துக் காசைக் கட்டி வருகிறார்கள். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை இருந்தால், நோய் வரும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே தாளைத் தேடத் தொடங்குங்கள். பிரசவம் பார்த்தவர், பள்ளிப் பதிவு, தடுப்பூசி அட்டை, தோட்டத்துக் கிராணி, எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள்.