மடி வளரும் மாதங்கள்

2024 அக்டோபர் 5-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் வாஷிம் நகரில், நாட்டின மாடுகளுக்கான 'கௌ சிப்', எருமைகளுக்கான 'மஹிஷ் சிப்' ஆகிய மரபணுச் சில்லுகளைப் பிரதமர் அறிமுகப்படுத்தினார். இரண்டு நாள் கழித்து, மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோருக்கு மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இவ்விரு செய்திகளையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கருதுகிறேன். மாட்டின் மரபணுவில் என்ன இருக்கிறது என்பதைச் சில்லு சொல்லும். இருப்பதில் எவ்வளவு செயலுக்கு வரும் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ.

மரபணுவின் கட்டளையைப் புரதம் உருவாகும் இடத்துக்குக் கொண்டு செல்வது தூது ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 22 எழுத்துகளே நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. அதனுடன் ஒட்டி, புரத உற்பத்தியைக் குறைக்கிறது; சில வேளை தூதையே சிதைக்கிறது. பசுவின் மடியிலும் இதுவே நடக்கிறது. மடி உயிரணுக்களில் 'மிர்-15ஏ' என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ஆய்வகத்தில் மிகுதியாக்கியபோது, வளர்ச்சி ஹார்மோன் ஏற்பியும் கேசீன் என்னும் பால் புரதமும் குறைந்தன. ஆளிவிதை எண்ணெய் கலந்த தீவனத்தை உண்ட கறவைப் பசுக்களின் மடியில் சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறியதைக் கனடா ஆய்வாளர்கள் கண்டனர். தீவனத்தின் தாக்கம் மரபணுக் கட்டுப்பாடு வரை செல்கிறது என்பதே இதன் பொருள்.

இந்த அறிவு இன்னும் தொழுவத்துக்கு வந்துவிடவில்லை. ஆனால், எங்கே கவனம் வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது. பால் சுரக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கையே கறவையின் அளவைப் பெரிதும் முடிவு செய்கிறது. அவற்றின் அடித்தளம் முதல் ஈற்றுக்கு முன்பே அமைந்துவிடுகிறது. பிறந்த சில மாதங்களுக்குப் பின் பருவமடையும் வரை மடித்திசு உடலைவிட வேகமாக வளர்கிறது. சினைக்காலத்தில் பன்மடங்கு பெருகுகிறது.

நம் நாட்டில் கிடேரிகள் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதே காலத்தில்தான். கறவை மாட்டுக்குப் பிண்ணாக்கு, கிடேரிக்கு வைக்கோல் என்பது சிறு விவசாயியின் அலட்சியத்தால் நேர்வதன்று. வருமானம் தராத கன்றுக்குச் செலவிட அவரிடம் பணம் இல்லை. பருவமடையும் முன் மிகைத் தீவனம் கொடுத்துக் கொழுக்க வைப்பதும் மடிக்குக் கேடே என்பதால், பணத்துடன் முறையான ஆலோசனையும் தேவை.

2023-24-இல் சுமார் 23.9 கோடி டன் பால் உற்பத்தி செய்து உலகில் முதலிடம் வகித்த இந்தியாவில், ஒரு மாட்டின் சராசரிக் கறவை குறைவாகவே உள்ளது. 2014-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய கோகுல் திட்டம், உயர்தரக் காளைகளின் உறைவிந்துக்கே முதலிடம் தந்தது. 2025 மார்ச்சில் அத்திட்டம் திருத்தப்பட்டபோது கிடேரி வளர்ப்பு மையங்கள் சேர்க்கப்பட்டன. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால், 30 இடங்களில் 15,000 கிடேரிகள் என்பதே இலக்கு. 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள மாடுகளோ 19 கோடிக்கும் அதிகம்.

மையங்களை மட்டும் நம்பாமல், விவசாயியின் தொழுவத்திலேயே கிடேரிக்கு உதவ வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் தீவனத்தையும் தாது உப்புக் கலவையையும் கடனாக வழங்கி, கன்று ஈன்றபின் பால் பணத்தில் கழித்துக்கொள்ளலாம். ஹோல்ஸ்டீன் போன்ற இனங்களிலேயே பெரிதும் நடந்துள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆய்வுகளை நம் நாட்டினங்களுக்கும் எருமைகளுக்கும் விரிவாக்க வேண்டும். நல்ல கிடேரியைச் சில்லு அடையாளம் காட்டட்டும். அது பசியின்றி வளர்வதற்கான பொறுப்பையும் அரசு ஏற்கட்டும்.