மருந்துப் பையைக் கொட்டிக் காட்டுங்கள்!

"வாயெல்லாம் புண்ணு டாக்டர், சோறு இறங்கலை. மணத்தக்காளிக் கீரை தின்னும் ஆறலை" என்று வந்தார் அந்த அம்மா. மூட்டுவலிக்காரர். "பையை இப்படிக் கொட்டுங்கம்மா" என்றேன். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை! வாரத்துக்கு ஒரே நாள் போட வேண்டியதைப் பத்து நாளாகத் தினமும் போட்டிருக்கிறார். சீட்டில் சரியாகத்தான் இருந்தது. கடைக் கவரில் '1-0-0' என்று கிறுக்கியதுதான் வினை. ரத்த அணுக்களைக் குறைத்து உயிருக்கே உலை வைக்கும் தவறு இது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார்.

"சித்த வைத்தியருக்கு இங்கிலீஷ் மருந்தில் என்ன வேலை?" என்கிறீர்களா? எங்கள் பக்கமும் தவறு உண்டு சாமி! பற்பம், செந்தூரம் அளவு தப்பினால் நஞ்சுதான். "பக்க விளைவே கிடையாது" என்பவரை நம்பாதீர்கள்.

தவறு நடந்ததும் யாரைத் திட்டலாம் என்று தேடுகிறோம். அதனால் எல்லோரும் மறைக்கிறார்கள். அதே தவறு அடுத்த வீட்டிலும் நடக்கிறது. தகவல் சொல்வது தண்டிக்க அல்ல, தடுக்க. 2010-ல் மத்திய அரசு தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே சொல்லலாம். சித்த மருந்து என்றால், தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் அதற்கான மையம் இருக்கிறது.

மருந்து வாங்கும்போதே கேளுங்கள்: எதற்கு, எவ்வளவு, தினமுமா வாரம் ஒரு தரமா? வார மருந்தென்றால் கிழமையைக் கவர் மேல் எழுதி வாங்குங்கள். இதில் கூச்சம் வேண்டாம்!