மலையடிவாரத்தில் காற்றை இறக்கச் சொல்கிறவருக்கு

கல்வராயன் மலைக்கு ஜீப்பில் போகிறவர்களுக்கு டயர் காற்றுப் பாடம் எடுத்திருக்கிறார் சென்ற இதழில் ஓர் அன்பர். சமவெளியில் ஓடும்வரை டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குக் காற்றடிக்க வேண்டுமாம். கச்சிராயபாளையம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி நான்கு டயரையும் 20 பவுண்டுக்கு இறக்கிவிட வேண்டுமாம். இறக்காவிட்டால் மேலே போகப் போகக் காற்று உப்பி டயர் வெடித்துவிடுமாம். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் வழுக்குமோ என்ற பயமே வேண்டாமாம். சங்கராபுரத்திலிருந்து மலைக்கு லோடு அடிக்கிற எந்த ஓட்டுநரிடமாவது இதை வாசித்துக் காட்டியிருந்தால், அச்சுக்குப் போகும் முன்பே சிரித்துத் தள்ளியிருப்பார்.

மலை ஏறினால் காற்று உப்பும் என்கிறார். உப்பும்தான். எவ்வளவு என்று கணக்குப் போட அவருக்கு நேரமில்லை போலிருக்கிறது. கடல்மட்டத்தில் காற்றுமண்டலத்தின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. 2,000 அடி ஏறினால் அது ஒரு பவுண்டு அளவுக்குக் குறைகிறது. வெளி அழுத்தம் குறைந்த அளவுக்குக் கேஜில் எண் கூடும். ஆனால் அதே 2,000 அடிக்குக் குளிரும் நாலு டிகிரி கூடுகிறது. அதனால் டயருக்குள் அரை பவுண்டுக்கு மேல் இறங்குகிறது. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது அரை பவுண்டுகூட இல்லை. கல்வராயன் மலையின் பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடிக்குள்தான். இந்த அரை பவுண்டுக்குப் பயந்து 32 இருக்கும் டயரை 20-க்கு, அதாவது 12 பவுண்டை இறக்கச் சொல்கிறார்!

கரியாலூரில் நிறுத்தி அளந்தபோது 32 இருந்த இடத்தில் 37 காட்டியது, இதுவே சாட்சி என்கிறார். அவர் அளந்தது மலையின் உயரத்தை அல்ல, டயரின் சூட்டை. காலையில் 27 டிகிரியில் 32 பவுண்டு இருந்த டயர், ஓடி ஓடி 57 டிகிரிக்குச் சூடேறினால் ஏறத்தாழ 37 காட்டும். மலையே வேண்டாம், கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலை போய் அளந்தாலும் அதே கதைதான். சூட்டில் இப்படிக் கூடும் என்று தெரிந்துதான் வண்டிக் கம்பெனிக்காரன் குளிர்ந்த டயருக்கான அளவைத் தருகிறான். சூடாக இருக்கும்போது 37-ஐப் பார்த்துப் பதறி 32-க்கு இறக்கினால், மறுநாள் காலை வெள்ளிமலையில் அது 27, 28 என்று நிற்கும். அந்தக் குறைவோடுதான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கீழே இறங்க வேண்டும்.

இனி முக்கியமான இடம். டயர் சூடாவது எதனால்? உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. காற்று குறையக் குறைய மடிப்பு கூடும், மடிப்பு கூடக் கூடச் சூடு கூடும். வெடிக்காமலிருக்கக் காற்றை இறக்கு என்பது வெடிப்பதற்கான வழியை வகுத்துக் கொடுப்பது. காற்றில்லாமல் ஓடிய டயரைப் பஞ்சர் கடையில் ரிம்மிலிருந்து பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே கறுப்புப் பொடி கொட்டும், அரைத்த மிளகுபோல. பக்கச்சுவர் தன்னைத் தானே தின்ற தூள் அது. வெளியே பார்த்தால் டிரெட் நன்றாக இருக்கும், புது டயர்போல மின்னும். தெரிந்த கடைக்காரர் அதைத் திரும்ப மாட்ட மாட்டார்.

இது சங்கராபுரத்துக்காரன் கட்டிய கதை அல்ல. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் ஏராளமானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. ஓடும்போதே டிரெட் உரிந்து வண்டி கவிழ்ந்த விபத்துகளில் 271 பேர் இறந்ததாக அந்நாட்டு அரசு கணக்குச் சொன்னது. டயரில் குறை இருந்தது உண்மை. கூடவே பெரிய சண்டையானது இன்னொன்று: ஃபோர்டு பரிந்துரைத்தது 26 பவுண்டு, டயர்க்காரர் கேட்டது 30. நாலு பவுண்டு வித்தியாசம் அங்கே விசாரணை வரை போனது. நம் அன்பர் ஒரே மூச்சில் 12-ஐ இறக்குகிறார்.

பாலைவனத்தில் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று ஒரு வரி வேறு. ஓட்டுகிறார்கள், மணலில். ரால்ஃப் பேக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1920-களிலும் 30-களிலும் எகிப்து, லிபியப் பாலைவனங்களில் சாதாரணக் கார்களை ஓட்டிக் காட்டியபோது, டயர் காற்றைக் குறைத்ததும் அவர் கையாண்ட உத்திகளில் ஒன்று. காற்று குறைந்தால் டயரின் தடம் நீளும், பாரம் பரவும், மணலில் புதையாது. வெள்ளிமலைக்குப் போகும் தார்ச்சாலையில் எது புதையப் போகிறது? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது இதுதான்.

வளைவில் 20 பவுண்டு என்ன செய்யும் என்று அவர் யோசிக்கவே இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் பக்கச்சுவர் மடங்கும், அப்புறம்தான் வண்டி திரும்பும். உள்ளே ஏழு பேர், மேலே கேரியரில் மூட்டை, இறக்கத்தில் பிரேக் மிதித்தபடி திரும்பும்போது பாரம் முழுக்க வெளிப்பக்க முன் டயரில் விழுகிறது. டியூப்லெஸ் டயரை ரிம்மோடு பிடித்து வைத்திருப்பதே உள்ளிருக்கும் காற்றுதான். அது குறைவாக இருந்தால் விளிம்பு ரிம்மை விட்டு நழுவ இடமுண்டு. நழுவினால் மிச்சக் காற்றும் அந்த நொடியே போய்விடும். நான்கு சக்கர இழுவை அப்போது கைகொடுக்காது. அது ஏறுவதற்கும் சேற்றில் இழுப்பதற்கும்தான்; பிரேக் எந்தக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது.

சமவெளிக்கான அவருடைய எண்ணும் இதே தரம்தான். டயரின் பக்கத்தில் இருப்பது அது தாங்கும் உச்சவரம்பு. பல டயர்களில் 44 என்றோ 51 என்றோ இருக்கும். அதே டயர் பத்து விதமான வண்டிக்குப் போகும்; உங்கள் வண்டியின் எடை டயர்க் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? வண்டிக்கான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிறது, முன்னுக்கு இவ்வளவு, பின்னுக்கு இவ்வளவு, முழு லோடு என்றால் இவ்வளவு என்று. உச்சவரம்புக்கு அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொடும், நடுவிலேயே தேயும், மழை ரோட்டில் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நீளும். நைட்ரஜன் அடித்தால் இந்தக் கவலையே இல்லை என்ற அவருடைய பின்குறிப்புக்கு ஒரே பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

காற்றை இறக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தார் முடிந்து மலைக்குள் சிற்றூர்களுக்குப் பிரியும் மண் தடத்தில், மழைக்குப் பிறகு, கல்லும் செம்மண் சேறுமாகக் கிடக்கும்போது இறக்கலாம். குளிர்ந்த அளவில் கால் பங்கு, 32 என்றால் 24 வரை, போதும். வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது. முழு லோடு ஏற்றியிருந்தால் பின் டயரைத் தொடாதீர்கள். சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருந்தால் இறக்காமல் போவதே மேல். கெட்டியான டயர் சேற்றை வெட்டி அடியைப் பிடிக்கும். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவரும் பிக்கப்காரர்கள் இழுவை இரண்டு சக்கரத்தில் மட்டும் உள்ள வண்டியிலேயே இதைச் சாதிக்கிறார்கள். தாரைத் தொடும் முன் திரும்ப அடித்துவிட வேண்டும். அதற்கு பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசரும் சொந்தமாக ஒரு கேஜும் வண்டியில் இருக்க வேண்டும். அடிவாரத்தில் இறக்கிய காற்றை எங்கே, எதை வைத்து நிரப்புவது என்பதற்கு அன்பரின் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அவர் சொல்படி நடந்தவர், அதே 20-உடன் உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் 100-இல் போவார்.

அந்தக் கட்டுரையை நம்பி ஏற்கனவே காற்றை இறக்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து பாருங்கள். கதவுத் தூணில் உள்ளபடி நிரப்புங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து.