ஆளை எடுக்கும் படிப்பா? ஆளை அறியும் படிப்பா?

மனிதவள மேலாண்மை என்றொரு படிப்பு. கல்லூரிகளிலே, பல்கலைக்கழகங்களிலே ஆண்டுதோறும் இளைஞர்கள் அதைப் படித்துப் பட்டம் பெறுகின்றனர். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களிலே உண்டு. அப்பன் எந்திரத்தோரம் நின்ற ஆலையிலே, மகள் அதிகாரியாக அமரப் போகிறாள். மகிழ்கிறோம்! ஆனால் அந்த நாற்காலியில் அமருமுன் அவளுக்கு என்ன கற்பிக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி, திறமையை அளப்பது எப்படி, சம்பளத்தை வகுப்பது எப்படி என்று கற்பிக்கிறார்கள். வேண்டியவைதாம். அந்த நாற்காலி எப்படி வந்தது என்பதையும் அதே அழுத்தத்தோடு கற்பிக்க வேண்டும் என்கிறோம்.

அந்நாளில் ஆலை வாசலிலே வேலை கொடுத்தவன் யார்? சென்னையிலே மேஸ்திரி, பம்பாயிலே ஜாபர், கல்கத்தாவிலே சர்தார். அவன் கையிலே காசு விழுந்தால் வேலை, விழாவிட்டால் வெளியே! தொழிலாளர் பொறுத்தது போதுமென்று எழுந்தனர். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1928-இல் பம்பாய்ப் பஞ்சாலைகள் மாதக்கணக்கில் நின்றன. 1929-இல் அமைந்த விட்லி கமிஷன், 1931-இல் தந்த அறிக்கையிலே சொன்னது: மேஸ்திரியிடமிருந்து அதிகாரத்தைப் பறியுங்கள்; தொழிலாளர் அதிகாரி ஒருவரை வையுங்கள்; ஆலையின் மேலாளர் ஒருவருக்கே அவர் கட்டுப்பட்டவர்; ஆளெடுப்பது அவர் பொறுப்பு; அவரைக் கேளாமல் எவரையும் நீக்கலாகாது!

பின்னர் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 பேர் வேலை செய்யும் ஆலையிலே நல அதிகாரி கட்டாயம் என்றது. 2020-இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 250 ஆக்கியது.

ஆக, தொழிலாளியின் முறையீட்டிலே பிறந்த நாற்காலி இது. பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. தொழிலாளர் நலம் என்றார்கள்; பணியாளர் நிர்வாகம் என்றார்கள்; இப்போது மனிதவளம் என்கிறார்கள். நிலக்கரியும் வளந்தான், நீரும் வளந்தான். ஆனால் நிலக்கரி கூலி கேட்குமா? நீர் சங்கம் சேருமா? மனிதன் கேட்பான், சேர்வான்!

2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையிலே தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தை ஏற்றுக்கொள் என்பதே அவர்தம் முதன்மைக் கோரிக்கை. விட்லி அறிக்கை வந்து 93 ஆண்டுகள் கழித்து! அந்த 37 நாளையும் பாடமாக வைக்கட்டும்.

மேஸ்திரிதான் ஒழிந்தானா? காண்டிராக்டர் என்ற பெயரிலே வாசலில் நிற்கிறான். நெற்றி வியர்வை சிந்துகிறவனைக் காட்டி, "இவர் எங்கள் ரோலில் இல்லை" என்று கைகழுவுவதற்கா ஒரு பட்டம்?

நாம் கேட்பவை மூன்று. மாணவர் ஒரு மாதமேனும் ஆலைத் தளத்திலே, இரவு ஷிப்டும் சேர்த்து, வேலை செய்யட்டும். மேலாளரை அழைத்துப் பேசவைக்கும் வகுப்பறைக்குச் சங்கச் செயலாளரையும் அழைக்கட்டும். தொழிலாளியின் சம்பளச் சீட்டைக் கையிலே கொடுத்து, பி.எப். எவ்வளவு, இ.எஸ்.ஐ. எவ்வளவு, ஓவர்டைம் சரியா என்று தேர்விலே கேட்கட்டும்.

தோழர்களே! உங்கள் வீட்டில் இந்தப் படிப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், உங்கள் சம்பளச் சீட்டை இன்றிரவே அவர் முன் வையுங்கள். முதல் பாடம் அங்கே தொடங்கட்டும்!