உளி கொடுத்தீர்கள், தீட்டுக்கல் எங்கே?

திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அருகே சிறு பட்டறை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். சுயதொழில் உதவியென வழங்கப்பட்டது. பித்தளையிலும் வெள்ளியிலும் பெயர் வெட்டுவதற்கான செதுக்குளிகள் ஆறு உள்ளே இருந்தன. வழங்கிய மேடையில் மாலையும் புகைப்படமும் இருந்தனவாம். பெட்டியில் தீட்டுக்கல் மட்டும் இல்லை.

இதனைச் சிறு குறையென்று தள்ளிவிட இயலாது. கடையிலிருந்து வரும் செதுக்குளி முற்றுப்பெற்ற கருவி அன்று. நீண்டதோர் உருக்குத் துண்டே. அதனைக் கைக்கு அளவாகக் குறைத்துப் பிடி பூட்ட வேண்டும். முகத்தை ஏறத்தாழ 45 பாகையில் தீட்ட வேண்டும். எவர்சில்வர் போன்ற கடின உலோகத்துக்கு 50 பாகையைத் தாண்டினாலன்றி முனை ஒடிந்துவிடும். அடிப்புறத்தில் 15 முதல் 20 பாகை சாய்வில் மிகச் சிறிய குதியும் தேவை. குதி இல்லையேல் உளி உலோகத்தில் புதையும். குதி நீண்டாலோ, வளைவுகளில் கோட்டின் ஓரத்தைச் சிதைக்கும்.

கல் இல்லாத அந்த இளைஞர், அயலிலுள்ள இரும்புப் பட்டறையின் மின்சாணையில் உளியைப் பிடித்திருக்கிறார். முனை நீலம் பாரித்துவிட்டது. கார்பன் உருக்கு நீலமானால் பதம் இறங்கிவிட்டது என்பதே பொருள். அடிக்கடி நீரில் தோய்த்திருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? தீட்டிய முனையை நகத்தின்மேல் மெல்ல வைத்தால் வழுக்காமல் பற்ற வேண்டும் என்ற எளிய சோதனையைக்கூட எவரும் கற்பிக்கவில்லை. மழுங்கிய உளி வழுக்கிக் கையைக் கிழித்த வடுவையே அவர் எனக்குக் காட்டினார்.

லேசர் வந்துவிட்ட காலத்தில் கையுளி எதற்கு என்று கேட்போர் உளர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், சேற்றில் கிடந்த செம்பொன்று அதில் வெட்டப்பட்டிருந்த பெயரைக் கொண்டே உரியவரின் கைக்குத் திரும்பியதை நான் கண்டேன். பல்லாண்டுகள் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கியும் அழியாத ஆழமான வெட்டு அது. மேலோட்டமான இயந்திரக் கீறல் அத்தனை காலம் தாங்குமா?

1950ஆம் ஆண்டு இந்நகரில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட வெண்கலத் திருவுருவங்களைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறோம். உலோகத்தில் உழைக்கும் இன்றைய கைகளுக்கு ஒரு கல் வாங்கிக்கொடுக்க மட்டும் நமக்கு மனம் வருவதில்லை.

உதவி வழங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெட்டியில் உளிகள் நான்கு போதும். மிகுதிப் பணத்தில் கரடுமுரடான கல்லொன்றும் நுண்கல்லொன்றும் வையுங்கள். அனுபவமிக்க பத்தர் ஒருவருக்கு ஒரு வாரக் கூலி கொடுத்து அவர்கள் அருகில் அமர்த்துங்கள். புகைப்படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.